வாய்க்கால் போன வழி: அம்மாவோடு அம்பையில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்

"படியே கிடையாதும்மா, எல்லாம் கீழ்த்தளம்தான்" என்று போனில் சொல்லியிருந்தார்கள். போய் இறங்கினால் விடுதி வாசலில் மூன்று படி. பொறுப்பில் இருந்தவரிடம் காட்டினேன். "இதையா படின்னு சொல்றிய?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அவரைக் கோபித்துப் பயனில்லை. இரண்டு வருஷம் முன்பு வரை என் கண்ணுக்கும் மூன்று படி தெரிந்திருக்காது.

அம்மாவுக்கு 72 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடக்கிறாள். வெளியே என்றால் சக்கர நாற்காலி. பிறந்து வளர்ந்தது சேரன்மகாதேவி, வாழ்க்கைப்பட்டது கோயம்புத்தூர். போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "தாமிரபரணிக் கரையில கொஞ்சம் நடக்கணும்" என்றாள். கோயில் வேண்டாம், கல்யாண வீடு வேண்டாம், நடக்கணும். அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்வாள். பூங்காவுக்குப் போய்த் திரும்பினாலும் "ஒரு மணி நேரம் நடந்துட்டு வந்தோம்" என்பாள். தள்ளியது யார் என்பது கணக்கில் வராது.

ஆகவே அம்பாசமுத்திரம். ஐந்து நாள். மலை ஏறுவது, அருவியில் நிற்பது எதுவும் திட்டத்தில் இல்லை. சக்கரம் உருளும் பாதை, நிழல், டீக்கடை, உட்காரும் வகைக் கழிப்பறை, இந்த நான்கும் எங்கே சேர்ந்து கிடைக்கிறதோ அங்கே போவது. என்னைப்போல் வீட்டில் ஒரு நாற்காலியைத் தள்ளுகிறவர்கள் இருப்பீர்கள் என்பதால் தினமும் எழுதி வைக்கிறேன்.

மூன்று படிகளையும் எப்படி ஏறினோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்காலியைத் திருப்பி, முதுகுப்பக்கம் படியைப் பார்க்க வைத்து, பின்னால் சாய்த்துப் பெரிய சக்கரத்தில் இழுத்தோம். முன்னால் ஒருவர் காலடியைத் தாங்கிக்கொண்டார். முகம் பார்த்து ஏற்றப் போனால் ஆளும் நாற்காலியும் சேர்ந்து கவிழும்.

சாயங்காலம் பக்கத்து டீக்கடையில் ஆமவடை. கடைக்காரர் அம்மாவை "ஆச்சி" என்றார். நாற்பத்தைந்து வருஷமாகக் கோவையில் "ஏனுங்க" கேட்டுக்கொண்டிருந்தவள் முகத்தில் அந்த ஒரு சொல்லுக்கு வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். ராத்திரி படுக்கும்போது என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டாள்.

இரண்டாம் நாள், வெள்ளி

ஆற்றைத் தாண்டித் தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. ஆட்டோக்கார அண்ணாச்சி ஒருவரை அரை நாளுக்குப் பேசிக்கொண்டோம். நாற்காலியை மடக்கிப் பின்பக்கம் வைத்துக் கயிற்றால் கட்டினார். கட்டும் நேர்த்தியைப் பார்த்தால் வைக்கோல் ஏற்றிப் பழகியவர் மாதிரி இருந்தது.

இன்றைக்குக் கன்னடியன் கால்வாய்க் கரை. தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு வெகு காலம் முந்தியவை. மேலிருந்து எண்ணினால் கோடைமேலழகியான், நதியுண்ணி, மூன்றாவதாகக் கன்னடியன். அங்கே பிரிகிற கால்வாய் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அம்மா நீச்சல் படித்தது இதே கால்வாயில்தான், கீழே சேரன்மகாதேவியில்.

கால்வாய்க்குப் பேர் வந்த கதையைக் கரையில் போகும்போதே சொன்னாள். கன்னட தேசத்துப் பிரம்மச்சாரி ஒருவனுக்கு மலையாள ராஜா தானமாகக் கொடுத்த பொன் சேர்ந்தது. அதை அம்பாசமுத்திரத்தில் ஓர் அர்ச்சகரிடம் கொடுத்துவைத்துவிட்டு அகத்தியரைத் தேடிப் போனான். திரும்பி வந்து கேட்டால், பொன் இருந்த இடத்தில் துவரம்பருப்பு. (இந்த இடத்தில் அம்மா சிரிப்பாள். எத்தனை தடவை சொன்னாலும் சிரிப்பாள்.) வழக்காகி, பொய்ச் சத்தியம் செய்த அர்ச்சகர் எரிந்துபோக, பொன் திரும்பக் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வது என்றால், கால்வாய் வெட்டு என்றார் அகத்தியர். எந்த வழியாக வெட்டுவது? ஒரு பசு தென்படும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போ. அது போகிற வழி கால்வாய். கோமியம் விட்ட இடத்தில் மடை வை. படுத்த இடத்தில் குளம் வெட்டு.

சின்ன வயதில் கேட்டபோது கதையாகத்தான் இருந்தது. இன்று கையில் நாற்காலியின் பிடியோடு கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. மேயப் போகிற பசு மேட்டில் வீணாக ஏறாது. சரிவிலும் விழுந்தடித்து இறங்காது. அதன் கால் தேடுகிற மட்டமான வழிதான் தண்ணீருக்கும் வேண்டும். சக்கரத்துக்கும் அதுவேதான் வேண்டும். கட்டட விதிப்படி ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சாய்தளம் போட வேண்டும். புதுக் கட்டடங்களில் அதைப் போட வைக்கவே எவ்வளவு பாடு படுகிறோம்! இங்கே கிலோமீட்டர் கணக்கில், கண்ணுக்கே தெரியாத சரிவில், யாரோ என் அம்மாவுக்காக வழி போட்டு வைத்த மாதிரி கிடக்கிறது.

முழுக்க அப்படி என்று நம்பி வந்துவிடாதீர்கள். ஊரை ஒட்டிய பகுதியில் கரை மேலேயே சிமெண்ட் சாலை, ஒரு கையால் தள்ளலாம். ஊர் முடிந்ததும் செம்மண். காய்ந்த செம்மண் நல்லதுதான். ஆனால் டிராக்டர் தடம் விழுந்த இடத்தில் சின்ன முன்சக்கரம் புதையும். அப்போது நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஜல்லி கொட்டிய துண்டு ஒன்று வந்தது. அம்மாவின் பல் கிட்டிப்பதைப் பார்த்து அங்கேயே திரும்பிவிட்டோம். கால்வாய்ப் பக்கம் தடுப்பு எதுவும் கிடையாது. அதனால் நாற்காலியை வயல் பக்கமாகவே வைத்துத் தள்ளினேன், நிறுத்தும்போதெல்லாம் பிரேக்.

வயலில் பிசானப் பயிர். இந்தப் பக்கம் நெல்லுக்கு இரண்டு போகம், ஆனியில் தொடங்குகிற கார், ஐப்பசிக்கு மேல் நடுகிற பிசானம். இப்போது கதிர் பால் பிடிக்கும் நேரம். அம்மா ஒரு மணியை நசுக்கச் சொன்னாள். வெள்ளையாகக் கசிந்தது. "இன்னும் ஒரு மாசம்" என்றாள், பாங்கில் வட்டி பார்க்கிற தோரணையில்.

மண்வெட்டியோடு மடையில் நின்றிருந்தவர் ஒதுங்கி வழி விட்டார். "எந்த ஊரு ஆச்சி?" "சேரமாதேவி." "அப்ப நம்ம தண்ணிதான்." அவ்வளவுதான் பேச்சு. அரை மைல் வரைக்கும் அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மதியம் ஊருக்குள் ஒரு சின்ன மெஸ்ஸில் சொதி. தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்துச் சாப்பாட்டை வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் சும்மா சாப்பிடுவது எனக்கு அநியாயமாகத்தான் பட்டது. மேஜைக்கு அடியில் நாற்காலி நுழையவில்லை. பக்கவாட்டில் நிறுத்தி, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டாள். வரும்போது அப்பளம் இரண்டு கட்டு. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தின் ருசி தண்ணீரில்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னார். இந்த ஊரில் எதைக் கேட்டாலும் தண்ணீரைத்தான் சொல்கிறார்கள்.

கழிப்பறை: பெரிய சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்குதான் கதி. சுத்தம் நாளுக்கு நாள் மாறும். மடக்கு ஸ்டூல் ஒன்று காரிலோ ஆட்டோவிலோ கட்டாயம் இருக்கட்டும்.

மூன்றாம் நாள், சனி

திருப்புடைமருதூர். ஐந்து நாளில் ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் இங்கே போங்கள்.

கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம். வரும் வழியெல்லாம் பச்சை வயல், நடுநடுவே பனை. மருத மரத்தைத் தலவிருட்சமாகக் கொண்ட கோயில்கள் மூன்று. ஸ்ரீசைலம் தலைமருது, தஞ்சைப் பக்கத்துத் திருவிடைமருதூர் இடைமருது, இது கடைமருது. சுவாமிக்குப் பேர் நாறும்பூநாதர். 'நாறும்' என்றால் மணக்கும். அந்தக் காலத்தில் நாற்றம் நல்ல வாசனைதான். நடுவில் வந்தவர்கள் சொல்லைக் கெடுத்துவிட்டார்கள்.

கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்றாராம். ஆற்றில் வெள்ளம். கடக்க முடியவில்லை. நின்ற இடத்திலிருந்தே "நாறும்பூநாதா" என்று குரல் கொடுத்தார். கூப்பிட்டது சரியாகக் கேட்க சுவாமி தலையைச் சாய்த்தார். லிங்கம் இன்னும் சாய்ந்தே இருக்கிறது. வர முடியாதவர் பக்கம் சாமி சாய்ந்த கதையை அம்மா போன்றவர்களிடம் சொல்லிப் பாருங்கள், கண்ணீர் வரும் என்று நினைத்தேன். அம்மா, "அந்தக் காலத்துல மைக் செட் இல்லல்லா" என்றாள்.

ஆற்றங்கரையில் மருத மரங்கள். நான்கு பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாத அடிமரம் எல்லாம் உண்டு. உச்சி முழுக்கப் பறவை. நாங்கள் போன நேரம் மஞ்சள் மூக்கு நாரைகள் கூட்டில் இருந்தன. கொக்கு, வக்கா, நீர்க்காகம் எல்லாம் உண்டு. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம், சந்தைக்கடை தோற்றுப்போகும். 2005ஆம் வருஷம் பிப்ரவரி 14ஆம் தேதி இந்த இடத்தைப் பறவைகள் பாதுகாப்பிடமாக அறிவித்தார்கள். அந்த வகையில் இந்தியாவிலேயே முதல் இடம் இதுதான். பரப்பு 2.84 ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கர். ஏழு ஏக்கரில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் ஏழு செண்டுகூட இப்படி நிற்காது. தலையில் எச்சம் விழும், துணியில் விழும், காயப்போட்ட நெல்லிலும் விழும். பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவை மரத்தடியில் நிறுத்தினேன். கரை கெட்டித் தரை, வேர்தான் தடுக்கும். இரண்டு மரம் தாண்டிச் சமதளமாக ஓர் இடம் கிடைத்தது. குடை அவசியம், வெயிலுக்கு அல்ல! இரண்டரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். நடையே இல்லாத நாளை நடைப்பயணக் குறிப்பில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

தாய் நாரை இரை கொண்டுவந்து கூட்டின் நடுவில் கக்குகிறது. குஞ்சுகள் அடித்துப் பிடித்துத் தின்கின்றன. வெயில் ஏறியதும் தாய் சிறகை விரித்துக் கூட்டின்மேல் நிற்கிறது. அதற்கு அடியில் குஞ்சுகள். அசையாமல், சிறகு வலிக்குமே என்று நாம் நினைக்கிற அளவுக்கு நிற்கிறது. அம்மா என் குடையைப் பார்த்தாள், நாரையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

கோபுரத்துக்குள்ளே அடுக்கடுக்காகப் பழைய ஓவியங்களும் மர வேலைப்பாடும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இப்படி இன்னொன்றைத் தேடுவது கஷ்டம். மேல்நிலைகளுக்கு ஏறித்தான் பார்க்க வேண்டும் என்பதால் நான் போகவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா" என்று அம்மா மூன்று தடவை சொன்னாள். ஆற்றங்கரையில், நாற்காலியில், தனியாக அவளை விட மனசு வரவில்லை. அடுத்த தடவை தங்கையையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நாற்காலியோடு போகிறவர்கள் மூன்று பேராகப் போங்கள். இரண்டு பேர் என்றால் ஒருவருக்கு எப்போதும் ஏதோ ஒன்று பாக்கி நின்றுவிடும்.

சந்நிதிக்குப் போவதற்கு மட்டும் அங்கே நின்ற இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கி வாசல்படி தாண்டி வைத்தார்கள். கேட்காமலே வந்தார்கள். பணம் கொடுத்தால் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார்கள்.

இங்கே பெரிய கடைகளை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீரும் சாப்பாடும் கையில் கொண்டுபோவது உத்தமம். நாங்கள் எலுமிச்சம்பழச் சோறும் முந்தின நாள் வாங்கிய அப்பளமும் கொண்டுபோனோம். பொரித்த அப்பளம் மூன்று மணி நேரத்தில் தலை தொங்கிவிட்டது. அதையும் சாப்பிட்டோம்.

நான்காம் நாள், ஞாயிறு

தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு அல்ல, எனக்கு.

பாபநாசம் போனோம். ஞாயிற்றுக்கிழமையில் போயிருக்கக் கூடாது. பாபநாசநாதர் கோயில் முன்னால் படித்துறை முழுக்கத் தலை. மேலே சாலையோரம் நாற்காலியை நிறுத்தினால் ஆறு தெரிகிறது, மலை தெரிகிறது. பொரி வாங்கிப் போட்டால் மீன்கள் மொய்ப்பதையும் எட்டிப் பார்க்கலாம். தண்ணீரைத் தொட வேண்டும் என்றால் படி இறங்க வேண்டும். நான் இறங்கி ஒரு பாட்டிலில் பிடித்துவந்து அம்மாவின் காலில் ஊற்றினேன். ஜில்லென்றது போலும், காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். இடுப்பு முறிந்ததிலிருந்து அந்தக் கால் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் போகிறதோ என்னவோ, துணி போகவில்லை. கல்லில் சிக்கி அங்கேயே கிடக்கிறது. கீழே கல்லிடைக்குறிச்சியில் "நம்ம தண்ணி" என்றவரின் முகம் ஞாபகம் வந்தது.

அகஸ்தியர் அருவிக்கு வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போக வேண்டும். மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அருவிப் பக்கம் படியும் ஈரப் பாறையும்தான் என்பதால் விட்டுவிட்டோம். திரும்பும் வழியில் அவித்த பனங்கிழங்கு, கட்டுக் கட்டாக வைத்து விற்கிறார்கள். தை மாதத்துப் பண்டம். நாரை உரித்து உரித்து அம்மாவுக்குக் கொடுத்ததில் மத்தியானம் போய்விட்டது. சாயங்காலம் தோளுக்குத் தைலம்.

ஐந்தாம் நாள், திங்கள்

கடையம். அண்ணாச்சி ஆட்டோவிலேயே போய்விடலாம் என்றார், போய்விட்டோம். புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, கடலூரில் பிடிபட்டுச் சிறையிருந்து, 1918 கடைசியில் பாரதியார் வந்து சேர்ந்தது மனைவி செல்லம்மாளின் ஊரான இந்தக் கடையத்துக்குத்தான். 1920 வரை இங்கே இருந்தார். ஊருக்குள் செல்லம்மாளும் அவரும் சேர்ந்து நிற்கும் சிலை இருக்கிறது. சிலையைச் சுற்றி வருவதைவிட அவர் நடந்த வழியில் போவது மேல். ஊரிலிருந்து மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் நித்தியகல்யாணி அம்மன் கோயிலுக்கு அடிக்கடி நடந்து போவாராம். அந்தப் பக்கத்துப் பாறைமேல் உட்கார்ந்திருப்பாராம்.

தார்ச்சாலை. இரண்டு பக்கமும் வயலும் தோப்பும், எதிரே முழு மலை. வண்டி நடமாட்டம் குறைவு. நாற்காலிக்கு நல்ல பாதை என்று சந்தோஷமாகத் தள்ளத் தொடங்கினேன். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிகிறது. கைக்குத் தெரிகிறது, ஏற்றம் என்று. வெள்ளிக்கிழமை தண்ணீர் போகிற பக்கம் போனோம். இன்றைக்குத் தண்ணீர் வருகிற பக்கம் போகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான், தோள்பட்டைக்கு அதுவே ஏராளம். பாதி வழியில் ஒரு வேப்பமர நிழலில் பிரேக் போட்டு நின்றோம். ஆட்டோ பின்னாலேயே ஊர்ந்து வந்தது. "யக்கா, ஏத்திக்கிடவா?" என்று மூன்றாவது தடவை கேட்டார் அண்ணாச்சி. அம்மா மறுத்துவிட்டாள். "பாரதியாரு ஆட்டோவிலயா போனாரு?"

"அவர் தள்ளலையேம்மா" என்றேன்.

நித்தியகல்யாணி கோயில் பக்கம் காற்று வேறு. மரத்தடியில் நிறுத்தி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குப் பாரதி பாட்டு ஒன்றிரண்டு பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கிறது. பாடவில்லை, நல்லவேளையாக நானும் பாடவில்லை. பிளாஸ்க்கில் கொண்டுவந்த கருப்பட்டிக் காபியைக் குடித்தோம். குரங்கு உண்டு. தின்பண்டத்தை மடியில் வைக்காதீர்கள். என் கடலைமிட்டாய்ப் பொட்டலம் போயே போய்விட்டது.

இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஏற்றத்தில் கை வலிக்கும், இறக்கத்தில் நாற்காலி நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். கைப்பிடியை உடம்போடு அணைத்து, பின்பக்கம் சாய்ந்தபடி அடிமேல் அடி வைத்து வர வேண்டும். சரிவு அதிகமான ஓரிடத்தில் நாற்காலியைத் திருப்பி நான் முதுகைக் காட்டி இறங்கினேன். அம்மா மலையைப் பார்த்தபடியே இறங்கினாள். "இது நல்லாருக்கு, இப்படியே போ" என்றாள். சமதளம் வந்த பிறகும் திரும்ப விடவில்லை. ஊர் எல்லை வரை நான் பின்னால் பார்த்துப் பார்த்து இழுத்துக்கொண்டு வர, அவள் மலைக்கு எதிரே உட்கார்ந்து வந்தாள். அண்ணாச்சி எனக்கு முன்னால் ஆட்டோவை ஓட்டி, "யக்கா, வலது... வலது... குழி" என்று வழி சொன்னார்.

ராத்திரி மூட்டை கட்டும்போது சித்தியிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"கால் எப்படிக்கா இருக்கு?"

"காலுக்கு என்ன? தெனம் மூணு மைலு நாலு மைலு நடக்கேன். வலியே இல்ல" என்றாள் அம்மா. "இவதான் தோளு வலிக்குங்கா. வயசுப் பிள்ளைக்கு என்னட்டி தோள் வலி?"